ரெண்டு சீட்டு வண்டி

ஏனுங்க, அந்த ஜன்னலோரத்த எனக்குக் குடுக்கறீங்களா? கோவிச்சுக்காதீங்க, கோயமுத்தூர் வரைக்குந்தான். எனக்கு முன்னால ரோடு தெரியோணுங்க. எம் புள்ள முன்னால போயிட்டிருக்குது. அதோ, செவப்பா, தரையோட தரையா ஒட்டிக்கிட்டு ஒரு கார் போகுது பாருங்க, அதுல.

ரொம்ப சந்தோசமுங்க. நீங்க நல்லா இருக்கோணும்.

நீங்க டீக்குக்கூட எறங்கலீங்களே. தூங்கிட்டிருந்தீங்க, பாத்தேன். அப்ப நடந்தது உங்களுக்குத் தெரியாது. முன்னால லேடீஸ் சீட்டுல பச்சைச் சுடிதார் போட்டுக்கிட்டு ஒரு புள்ள உக்காந்திருந்துச்சே, அதுதான் எம் பொண்ணு. சுடர்விழின்னு பேரு. கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் மூணாம் வருசம். அவ டிக்கெட்டுலதான் நான் இப்ப ஏறியிருக்கறேன். கண்டக்டர் அதுக்கு ஒத்துக்கிட்டாரு. ஆனா அந்தச் சீட்டுல மட்டும் உக்காரக் கூடாதுன்னுட்டாரு. நாயந்தானுங்களே.

டிரைவர் அண்ணே! அந்தச் செவப்பு வண்டி பின்னாலயே கொஞ்சம் போங்க! பக்கத்துல வேண்டாம், பின்னால!

காது கேக்கல போல.

நான் சென்னியப்பனுங்க. நாமக்கல்லுப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வெச்சிருக்கறேன். ஒரே புள்ள. ஒரே புள்ளைங்கறதால அடக்கி வெச்சு வளத்தேன்னு நெனச்சுறாதீங்க. எங்க ஒரம்பரையில, சொந்தபந்தத்துல, என்னையாட்டம் சுதந்திரமா புள்ளைய வளத்தவன் ஒருத்தன் கிடையாது. என்ன படிப்பு வேணும்னு கேட்டுத்தான் சேத்துனேன். மெக்கானிக்கல் வேணும்னா, சரின்னேன். தலைமுடிய வெட்டிக்கிட்டு வந்தா, சரின்னேன். பதினெட்டு முடிஞ்ச மாசமே டிரைவிங் லைசென்ஸ் எடுத்தா. மொத தடவையே எட்டுப் போட்டுக் காட்டிட்டா. நான் அதுக்கு மூணு தடவை போனவன்.

அவள எங்கயும் கஷ்டப்பட விட்டதில்லீங்க. ஒண்ணாவதுல இருந்து இந்த வருசம் வரைக்கும் ஒரு நாள் தனியாப் போனதில்ல. ஸ்கூலா, நான். டியூசனா, நான். காலேஜ் ஹாஸ்டலுக்கு வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வர்றது நான், திங்கக்கிழமை காலையில கொண்டு போயி விடறது நான். அவ ஃபிரெண்டோட பொறந்த நாளுன்னு ஒரு ஓட்டலுக்குக் கூப்பிட்டாங்க. கொண்டு போயி விட்டுட்டு, ரெண்டு டேபிள் தள்ளி நானும் உக்காந்து நாலு இட்லி சாப்பிட்டேன். அவங்களுக்குத் தொந்தரவே இல்ல. அந்தப் பக்கம் திரும்பித்தான் உக்காந்திருந்தேன்.

அப்பிடி வளத்த புள்ள, போன ஆடியில ஒரு நாள் சோறு திங்கறப்ப சொல்லுது: "அப்பா, எனக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கோணும்."

எம் பொஞ்சாதி சம்பூர்ணம், மோர் ஊத்தறவ, மோரக் கீழ ஊத்திட்டா.

"எந்தக் காசுல சாமி?"ன்னேன்.

"எங் கல்யாணத்துக்குன்னு நகை வாங்கி வாங்கி லாக்கர்ல வெக்கறீங்கல்ல, அதுலதான். அது எனக்குத்தானே? நகை லாக்கர்ல தூங்குமுங்கப்பா. கார் எங்கூட வரும்."

எப்பிடிப் பேசுது பாத்தீங்களா? படிப்புங்க. படிப்பு.

அன்னைக்கே போன்ல படம் காட்டுனா. சம்பூர்ணம் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தா. மொத கேள்வியே, "இதுல ரெண்டு சீட்டுத்தானடி இருக்குது?"

"ஆமாம்மா."

"கட்டிக்கப் போறவன் ஒண்ணு, நீ ஒண்ணு. நாங்க?"

"கட்டிக்கப் போறவன யாரும்மா ஏத்தறாங்க?"ன்னு சொல்லிப்போட்டுக் கையக் கழுவப் போயிட்டா.

சம்பூர்ணத்துக்கு மூணு நாள் தூக்கமில்ல. நாலாம் நாள் அவ அண்ணனக் கூப்பிட்டுட்டா. எம் மச்சான் பெரியண்ணன், பத்து லாரி ஓட்டறவரு. எங்க குடும்பத்துல எதுன்னாலும் அவரு வந்து ஒரு மணி நேரம் பேசுனாத்தான் முடியும். வந்தவரு செருப்பக்கூடக் கழட்டல. "காலேஜ் படிக்கிற புள்ளைக்கு எதுக்கு மாப்பள அந்த வண்டி? நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் வாசல்ல அதப் பாத்தான்னா அப்பிடியே திரும்பிப் போயிருவான். இந்தப் புள்ளைக்குத் தீனி போட நம்மளால ஆகாதுன்னு."

"போறவன் போகட்டும்"னேன் நான்.

"வேகம், மாப்பள. வேகம். வயசு இருபது. அந்த வண்டி அமுக்குனா நூத்தம்பதுல போகும். நான் ரோட்டுல என்னென்ன பாத்திருக்கறேன்னு உனக்குத் தெரியாது."

அது எனக்கும் சுருக்குனுச்சுங்க. பொய் சொல்லக் கூடாது. ஆனா அதுக்குள்ள சுடரு உள்ளார இருந்து வந்துச்சு. "மாமா, உங்க சின்னவனுக்கு அந்தப் பெரிய பைக்க எத்தனை வயசுல வாங்கிக் குடுத்தீங்க?"

பத்தொம்பதுல வாங்கிக் குடுத்தாரு. அந்தப் பையன் ரெண்டு தடவை விழுந்து காலு ஒடச்சுக்கிட்டான்.

"அவன் ஆம்பளப் பையன் கண்ணு."

"அதனாலதான் விழுந்தானா மாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. மச்சான் காப்பி குடிக்காமப் போயிட்டாரு. அந்த ஒரு பேச்சுலயே நான் முடிவு பண்ணிட்டேன், புள்ளைகிட்ட இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னு. இல்லைன்னு சொல்றவன் பழைய ஆளு. நான் வேற மாதிரி யோசிச்சேன். ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போவோம். வெலையச் சொல்லுவான், இன்சூரன்ஸச் சொல்லுவான், ஒரு டயரு என்ன வெலைன்னு சொல்லுவான். புள்ள அதுவாவே வேண்டாம்னுரும். நம்ம வாயால சொல்ல வேண்டாம். எப்பிடி?

கோயமுத்தூருக்குப் போனோம். கண்ணாடிக் கட்டடம். உள்ள ஏசி. நான் வேட்டி சட்டையில போனதுக்கு அந்த விக்கற தம்பி என்ன மரியாதைங்கறீங்க. சுடரு ஒரு நோட்டு கொண்டாந்திருந்துச்சு. ஒவ்வொண்ணாக் கேக்குது. லிட்டருக்கு எத்தனை ஓடும், தரைக்கும் வண்டிக்கும் எவ்வளவு எடைவெளி, ஸ்டெப்னி உண்டா, பழுதானா எங்க கொண்டு போகோணும். அந்தத் தம்பிக்கு வேர்க்குது. நான் இது நல்லாப் போகுதுன்னு சந்தோசமா ஓரமா நின்னுட்டிருந்தேன்.

அப்பத்தான் இன்னொரு தம்பி வந்து, "சார், சும்மா உள்ள உக்காந்து பாருங்க"ன்னான்.

சும்மாத்தானுங்க உக்காந்தேன்.

உக்காந்தேன்னு சொல்ல முடியாது, கவுந்தேன். அவ்வளவு கீழ இருக்குது. காலு ரெண்டும் நேரா நீட்டிக்குது. சீட்டு ரெண்டு பக்கமும் இடுப்பப் புடிச்சுக்குது. அந்தத் தம்பி ஒரு பட்டன அமுக்கச் சொன்னான். அமுக்குனேன். அய்யோ, அந்தச் சத்தம் இருக்குதே! காதுல கேக்கலீங்க, முதுகுல கேக்குது. எனக்கு அம்பத்திரண்டு வயசு. இருபது வருசமா கோழிச் சத்தத்தத் தவிர வேற சத்தம் கேட்டதில்ல. எறங்கறதுக்கு மனசே வரல. எறங்கவும் முடியல, அது வேற. ரெண்டு பேரு கையப் புடிச்சுத் தூக்கி விட்டாங்க.

திரும்பி வர்றப்ப சுடரு அந்த நோட்டையே பொரட்டிக்கிட்டு வந்துச்சு. சங்ககிரி தாண்டினதும் சொல்லுது: "அப்பா, வேண்டாங்கப்பா. நல்லா யோசிச்சுட்டேன். நம்ம பண்ணை ரோட்டுக்கு அந்த வண்டி சரிப்படாது. அவ்வளவு வெலைக்கு நான் இப்ப ஒண்ணும் பண்ணப் போறதில்ல. நம்ம பழைய காரு சாவியக் குடுங்க, அது போதும். வாரா வாரம் நானே ஓட்டிக்கிட்டு வந்துட்டுப் போறேன்."

பாருங்க, என்ன பெருந்தன்மை! அப்பனுக்குச் செலவு வெக்கக் கூடாதுன்னு எப்பிடி எறங்கி வருது பாருங்க. பத்து வருசத்துப் பழைய காரு, பின்கதவு பூட்டாது, கோழித்தீவன வாசம் வேற. அதுல எம் புள்ள தனியாக் கோயமுத்தூர் போறதா? நாலு பேரு என்ன பேசுவாங்க? எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. "நீ வேண்டாம்னு சொன்னாலும் அப்பன் வாங்கிக் குடுப்பேன் சாமி"ன்னேன்.

"அப்பா, நான் நெசமாத்தான் வேண்டாங்கறேன்."

"எனக்குத் தெரியும் சாமி."

"உங்களுக்குத் தெரியலீங்கப்பா."

அப்புறம் வீடு வர்ற வரைக்கும் பேசல. சந்தோசத்துல பேச்சு வரலைன்னு வெச்சுக்குங்க.

அடுத்த மாசம் வண்டி வந்துருச்சு. புள்ள பேருலதான். பூசை போட்டு, எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தி... ஏனுங்க, அந்த வண்டி எங்க? அதோ, அதோ இருக்குது. நல்ல வேளை. அறுபதுலதான் போகுது. பொறுமையாத்தான் ஓட்டுது. லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான், பாருங்க, அது அசையலையே!

எங்க விட்டேன்? ஆங். பண்ணை ரோட்டுல அடி தட்டுச்சு, உண்மைதான். அந்த ரோட்டையே ஜேசிபி விட்டுச் சமப்படுத்திட்டேன். ஊருக்குள்ள ஒரு வேகத்தடை இருந்துச்சு, பஞ்சாயத்துத் தலைவருகிட்டப் பேசி ஓரமாக் கொஞ்சம் செதுக்கிட்டோம். சம்பூர்ணம் ஒரே ஒரு தடவை ஏறுனா. எறங்கறதுக்கு மூணு பேரு வேணும்னு ஆயிப்போச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே வர்றதில்ல. மச்சான்தான் வேடிக்கை. காப்பி குடிக்காமப் போனவரு, அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு வந்து நிக்கறாரு. "மோகனூர் வரைக்கும் ஒரு சோலி இருக்குது மாப்பள, அப்பிடியே போயிட்டு வரலாமா?" மோகனூர்ல ஒரு சோலியும் இல்லீங்க. காவேரிய எட்டிப் பாத்துட்டுத் திரும்பி வந்தோம்.

வெள்ளிக்கிழமை நான் ஹாஸ்டல் வாசல்ல அந்த வண்டியோட போயி நின்னேன்னா, பசங்க எல்லாம் சுத்தி வந்து படம் புடிப்பாங்க. ஒரு தடவை சத்தம் கேக்கோணும்னாங்க. நின்ன எடத்துலயே அமுக்கிக் காட்டுனேன். வாட்ச்மேன் விசில் ஊதிட்டாரு. சுடரு கொஞ்சம் தள்ளி மரத்தடியில நின்னுட்டிருக்கும். கூச்ச சுபாவம். கூட்டம் கலஞ்சப்புறந்தான் வந்து ஏறும். காலேஜ்ல எனக்கு ஒரு பட்டப்பேரே வெச்சிருக்காங்களாம். என்னன்னு கேட்டேன், சொல்ல மாட்டேனுட்டா. நல்ல பேராத்தான் இருக்கும்.

என்னங்க கேட்டீங்க? புள்ளைக்கு ஓட்டறதுக்கா? குடுத்தேனே! குடுக்கலைன்னு யாரு சொன்னா? பண்ணை வாசல்ல இருந்து தீவன மில்லு வரைக்கும் ரெண்டு தடவை ஓட்டவிட்டேன். ஒன்றரைக் கிலோமீட்டரு. நான் பக்கத்துலயே உக்காந்து ஹேண்ட்பிரேக்குல கைய வெச்சுக்கிட்டேன், ஒரு தைரியத்துக்கு. அவ கொஞ்சம் அமுக்குனா நான் "பிரேக்கு, பிரேக்கு"ம்பேன். ரெண்டாவது தடவை ஒரு நாயி குறுக்க வந்துச்சு. வந்துச்சுன்னா, வர்ற மாதிரி பாத்துச்சு. நான் ஹேண்ட்பிரேக்க இழுத்துட்டேன். வண்டி நின்ன எடத்துல ஒரு சுத்து சுத்திருச்சுங்க. சுடரு எறங்கிச் சாவிய என் மடியில போட்டுட்டு வீட்டுக்கு நடந்தே போயிருச்சு. பயந்துக்கிச்சு, பாவம். சரி, பயப்படற புள்ளைய வற்புறுத்தக் கூடாதுன்னு அதுக்கப்புறம் நானே ஓட்டறேன்.

மூணு வாரத்துக்கு முன்னால ஒரு திங்கக்கிழமை, நான் வண்டியத் தொடச்சுட்டு நிக்கறேன், புள்ளையக் காணோம். சம்பூர்ணம் உள்ளார இருந்து, "அவ அஞ்சரை பஸ்ஸுக்கே போயிட்டா"ங்கறா. போன் பண்ணுனேன். "பஸ்ஸுல போறேங்கப்பா. ஒண்ணும் ஆகல."

"ஏன் சாமி? அவ்வளவு வெலையில வண்டிய வெச்சுக்கிட்டு?"

"பஸ்ஸுல என்னை யாரும் எதுவும் கேக்கறதில்லீங்கப்பா."

அது என்ன பதிலுங்க? இப்பத்துப் புள்ளைங்க பேச்சு பாதி புரியறதில்ல. அந்த வாரம் பூரா எனக்குச் சோலி ஓடல. அடுத்த திங்கக்கிழமையும் அதே அஞ்சரை பஸ்ஸு. நான் என்ன பண்ணுனேன், சத்தமில்லாம பின்னாலயே வண்டிய எடுத்துக்கிட்டு வந்துட்டேன். ஒரு பாதுகாப்புக்கு. அந்த வண்டி முப்பதுல போனா இருமுது, தெரியுங்களா? திருச்செங்கோடு, ஈரோடு, பெருந்துறைன்னு பஸ்ஸு எங்கெல்லாம் நின்னுச்சோ அங்கெல்லாம் நானும் நின்னேன். சத்தமில்லாமன்னு சொன்னேன், அது முடியலீங்க. அந்த வண்டிக்கு மெதுவாப் பேசத் தெரியாது. பஸ்ஸுல இருந்த ஜனம் பூரா பின்கண்ணாடியில வந்து எட்டிப் பாக்குது. புள்ள மட்டும் திரும்பவே இல்ல.

இன்னைக்கும் அப்பிடித்தான் வந்தேன். டீக்கு நிறுத்துனாங்கல்ல, நானும் நிறுத்துனேன். எல்லாரும் எறங்கி வந்து வண்டியச் சுத்தி நின்னுக்கிட்டாங்க. கண்டக்டரே ஒரு படம் எடுத்துக்கிட்டாரு. நான் பட்டன அமுக்கிக் காட்டிட்டிருக்கறேன், கூட்டத்த வெலக்கிக்கிட்டு சுடரு வந்து நின்னுச்சு.

"நீங்க ஏங்கப்பா பஸ்ஸு பின்னால வர்றீங்க?"

"பாதுகாப்புக்குச் சாமி."

"யாருக்கு?"

நான் துண்ட எடுத்து வண்டிக் கண்ணாடியத் தொடச்சேன்.

"ஆர்சி புக்குல யாரு பேருங்கப்பா இருக்குது?"

"உம் பேருதான் சாமி."

"சாவியக் குடுங்க."

கையை நீட்டிக்கிட்டு நிக்குது. கோவமா இருந்தாக்கூட நான் நாலு வார்த்தை பேசியிருப்பேனுங்க. கோவமே இல்ல. கண்ணு மட்டும் நெறஞ்சு நிக்குது. எட்டு வயசுல சைக்கிள் கத்துக்கறப்ப, "பின்னால புடிக்காதீங்கப்பா"ன்னு இப்பிடித்தான் நின்னுச்சு. அன்னைக்குப் புடிக்கலைன்னு சொல்லிட்டுப் புடிச்சுக்கிட்டேதான் ஓடுனேன். ஊரு பூரா பாக்குது, டீ மாஸ்டர் டீய ஆத்தாம நிக்கறாரு. குடுத்துட்டேன். எங்கை தானாப் போயிருச்சுங்க.

அவ டிக்கெட்ட என் சட்டைப் பாக்கெட்டுல வெச்சுச்சு. "பஸ்ஸு பத்தரைக்குக் காந்திபுரம் போயிரும். நீங்க நல்லா சாஞ்சு உக்காந்துட்டு வாங்க"ன்னு சொல்லிட்டு ஏறி உக்காந்துச்சு. ஹேண்ட்பிரேக்குல கைய வெக்கறதுக்கு ஆளே இல்ல, அதுபாட்டுக்குக் கெளம்பிருச்சு.

அய்யோ, டிரைவர் அண்ணே, என்ன பண்றீங்க! ஓவர்டேக் பண்ணாதீங்க அண்ணே! பாருங்க, பாருங்க, தாண்டிட்டாரு. ஒரு ஓட்டை பஸ்ஸு, அந்த வண்டியத் தாண்டிருச்சு. மச்சான் பாத்திருந்தா மயக்கம் போட்டு விழுந்திருப்பாரு. நான் பொறுமையாப் போ, பொறுமையாப் போன்னு சொன்னேன்தான், அதுக்காக இவ்வளவு பொறுமையா? இப்ப பின்னால தெரியலீங்க. பின்கண்ணாடியில சாமியார் படம் மறைக்குது. நீங்க கொஞ்சம் எட்டிப் பாருங்க... வருதுங்களா? வருதா? சரி. சரி.

அவிநாசி வந்துருச்சு. இங்க ஆளெறக்க நிறுத்துவாங்க. நிறுத்துனா அது நம்மளத் தாண்டிரும். தாண்டட்டும், முன்னால போனாத்தான் எனக்குக் கண்ணுக்குத் தெரியும்.

அதோ வருது! இந்தப் பக்கமா வருது. பக்கத்துலயே வந்துருச்சுங்க. சுடரு! சாமி! ...கண்ணாடி ஏத்தியிருக்குது, கேக்காது.

என்னங்க இது, வலது பக்கம் இண்டிகேட்டர் போடுது? காலேஜுக்கு நேராவுல்ல போகோணும்? அது மேட்டுப்பாளையம் ரோடுங்களே! திரும்பிருச்சு! டிரைவர் அண்ணே, அந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்புங்க! ...சரிங்க, சரிங்க, இது ரூட் பஸ்ஸுன்னு எனக்கும் தெரியுங்க. கத்தாதீங்க. ஒரு பதட்டம்.

இருங்க, போன் வருது. அவதான். ஹலோ! சாமி, வழி தப்பிட்ட! அது மேட்டுப்பாளையம்... என்ன? தெரிஞ்சுதான் போறியா? எங்க?

...

எங்க போறேன்னு தெரியலையாமுங்க. ரோடு நல்லா இருக்குதாம். கொஞ்ச தூரம் சும்மா ஓட்டிட்டு, மத்தியான கிளாசுக்குள்ள காலேஜ் போயிருமாம். வண்டி ஸ்பீக்கர்லயே பேசுது, ரெண்டு கையும் ஸ்டேரிங்லதான் இருக்குதாம். அதையும் அதுவாச் சொல்லுது, நான் கேக்கறதுக்கு முன்னாலயே. "பயந்துக்காதீங்கப்பா"ன்னுச்சு. சிரிச்சுச்சுங்க. இந்தப் புள்ள என்கிட்டச் சிரிச்சுப் பேசி...

இல்லீங்க, தண்ணி வேண்டாம். ஒண்ணுமில்ல. தூசு.

நாலு மாசமா அந்த வண்டி எங்கிட்ட இருக்குது. அது ஓடறத நான் வெளியில இருந்து பாத்ததே இல்லீங்க, தெரியுங்களா? எப்பவும் நான் உள்ளதான உக்காந்திருக்கறேன். இப்ப அந்த முக்குல திரும்புனப்பத்தான் பாத்தேன். பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவுல, வாழக்கொலை ஏத்துன அந்த வேனுக்கு வழி விட்டு, ஒரு இடி இல்ல, ஒரு ஹாரன் இல்ல, வழுக்கிக்கிட்டு அப்பிடியே போச்சுங்களே.

நீங்களும் பாத்தீங்கல்ல?

நல்லாத்தான் ஓட்டுதுங்க.